220 யூரோவுக்கு வெள்ளை பர்கண்டி: மெர்சோவில் மூன்று பாட்டிலா, பக்கத்து ஊரில் நான்கா?

கையில் 220 யூரோ இருக்கிறது. பிரான்சின் பர்கண்டி பகுதியில் உள்ள சிறு குடும்பத் தோட்டங்களிலிருந்து ஒரு பெட்டி வெள்ளை ஒயின் வாங்க வேண்டும். பேர்போன மெர்சோ ஊரின் ஒயின் என்றால் மூன்று பாட்டிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அதே மெர்சோ விவசாயி சாலைக்குக் கீழே உள்ள நிலத்தில் விளைவித்து, லேபிளில் வெறும் ‘பூர்கோஞ்’ (பர்கண்டியின் பிரெஞ்சுப் பெயர்) என்று போட்டு விற்பதில் ஆறு கிடைக்கும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள சேன்-ஓபான் ஊரின் ப்ரெமியே க்ரூ (உச்சத் தரத்துக்கு அடுத்த தர நிலத்தில் விளைந்தது) நான்கு வரும். தெற்கே மாக்கோன் பக்கம் போனால் பூயி-ஃபூய்சே ஏழு, வடக்கே ஷாப்லி ப்ரெமியே க்ரூ ஆறு. ஐந்துமே ஷார்டனே திராட்சைதான். இது தோட்ட வாசல் விலையை ஒட்டிய தோராயக் கணக்கு. வீட்டுக்கு வீடு மாறும், நகரத்துக் கடையில் இன்னும் ஏறும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டு வருடத்துக்குள் குடித்து முடிக்கிறவர் மெர்சோவுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஐந்து வருடம் வைத்திருக்கக் குளிர்ந்த இடம் இருந்தால் இந்தப் பணத்துக்கு சேன்-ஓபானை மிஞ்ச ஆளில்லை. மெர்சோதான் வேண்டும் என்பவர் எந்தச் சரிவு என்று கேட்டு வாங்க வேண்டும். வெறும் ஊர்ப் பெயருக்குக் கொடுக்கும் காசு வீண்.

யார் அடைத்த பாட்டில்?

ஊரை ஒப்பிடும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். பர்கண்டியில் ஒரே நிலத்தைப் பல குடும்பங்கள் பங்கு போட்டு வைத்திருக்கின்றன. பிள்ளைகள் அனைவருக்கும் சொத்தைச் சமமாகப் பிரிக்கச் சொல்லும் நெப்போலியன் காலத்துச் சட்டம், தலைமுறைக்குத் தலைமுறை கொடி வரிசைகளைக்கூட எண்ணிப் பிரிக்க வைத்தது. அங்கே இன்னும் புழங்கும் நில அளவு ஊவ்ரே: ஹெக்டேரில் சுமார் 23இல் ஒரு பங்கு, அதாவது 428 சதுர மீட்டர். நம் கணக்கில் பத்தரை சென்ட். ஓர் ஆள் ஒரு நாளில் கொத்தி முடிக்கும் நிலம் என்று வைத்த அளவு அது. சராசரி விளைச்சலில் ஓர் ஊவ்ரே ஏறக்குறைய ஒரு பீப்பாய் தரும். பீப்பாய்க்கு 228 லிட்டர், அதாவது சுமார் 300 பாட்டில். ஒரு நல்ல சரிவில் பன்னிரண்டு ஊவ்ரே வைத்திருக்கும் குடும்பம் உலகம் முழுவதற்குமாக அந்த நிலத்திலிருந்து 3,600 பாட்டில்தான் தர முடியும். விலை ஏறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

லேபிளில் தேட வேண்டியது ‘தொமேன்’ என்ற சொல்லும், ‘மீஸ் ஆன் பூத்தேய் ஓ தொமேன்’ என்ற வரியும். சொந்தத் திராட்சையைத் தன் கொட்டகையிலேயே பாட்டிலில் அடைத்தார் என்று பொருள். ‘ஆ லா ப்ரொப்ரியெத்தே’ என்ற வரி கூட்டுறவுச் சங்க ஒயினிலும் இருக்கலாம், ஆகவே அது மட்டும் போதாது. ஷாப்லியிலும் மாக்கோனிலும் நல்ல கூட்டுறவுகள் உண்டு. 1923இல் தொடங்கிய லா ஷாப்லிசியேன் குறை சொல்ல முடியாத ஒயின் தருகிறது. ஆனால் அது வேறு சரக்கு. பெயருக்குக் கீழுள்ள அஞ்சல் குறியீட்டையும் ஒரு பார்வை பாருங்கள். 21190 என்றால் மெர்சோ, புலின்யி, ஷசான், சேன்-ஓபான் வட்டாரம். 89800 என்றால் ஷாப்லி.

இன்னொரு விஷயம். 2016லும் 2021லும் ஏப்ரல் பனி மொட்டுகளைக் கருக்கிய பிறகு, பல குடும்பங்கள் அண்டை வீட்டாரிடம் திராட்சை வாங்கி இன்னொரு லேபிளிலும் ஒயின் போட ஆரம்பித்தன. அந்த லேபிளில் குடும்பப் பெயர் இருக்கும், ‘தொமேன்’ இருக்காது. ஏமாற்று வேலை இல்லை; சில சமயம் அதுவே நன்றாகவும் இருக்கும். ஆனால் கொடியை வளர்த்த கை வேறு என்பதால், தொமேன் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

மெர்சோவும் மெர்சோக்காரரின் பூர்கோஞ்சும்

மெர்சோவுக்கு கிரான் க்ரூ, அதாவது உச்சத் தர நிலம், கிடையாது. பெர்ரியேர், ஷார்ம், ழெனெவ்ரியேர் என்று பெயர் பெற்ற ப்ரெமியே க்ரூ நிலங்கள் உண்டு; நம் பணத்துக்கு அவற்றில் ஒன்று வாங்குவதே கஷ்டம். எனவே பேச்சு அதற்கு அடுத்த படியான ஊர்த் தர மெர்சோவைப் பற்றித்தான். அதிலேயே இரண்டு உலகம் இருக்கிறது. ப்ரெமியே க்ரூவுக்கு மேலும் வடக்குப் பக்கமும் உள்ள உயர்ந்த சரிவுகளில், நார்வோ, தீயே, லுஷே, தெஸோன் போன்ற நிலங்களில், மண் மெல்லியது. கையால் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டும். அங்கே விளைவது ஒல்லியான, புளிப்பு நிமிர்ந்து நிற்கும் ஒயின். முதல் மூன்று வருடம் வாயைத் திறக்காது. சரிவின் அடியில், பழைய நெடுஞ்சாலையை நெருங்க நெருங்க, களிமண் ஆழமாகும். அந்த ஒயின் வெண்ணெய் போல அகன்று, சீக்கிரம் குடிக்கத் தயாராகும், சீக்கிரம் களைத்தும் போகும். இரண்டுக்கும் லேபிளில் ஒரே பெயர், பெரும்பாலும் ஒரே விலை. நிலத்தின் பெயரைத் தனியாகப் போடும் குடும்பங்களிடம் வாங்கச் சொல்வது இதனால்தான். ஊர்த் தர நிலங்களைக்கூடக் கலக்காமல் தனித்தனியாக அடைக்கும் வழக்கத்தை மெர்சோவில் நிலைநிறுத்தியதில் ரூலோ குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் பாட்டில் இன்று நம் கணக்குக்கு எட்டாது. வழக்கம் மட்டும் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது, அது போதும்.

இப்போது கீழே, சாலையைத் தாண்டிக் கிழக்கே. இன்று டி974 என்று எண்ணிட்டிருக்கும் அந்தச் சாலைதான் எல்லைக்கோடு மாதிரி. அதற்குக் கீழுள்ள சமவெளி நிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஊர்ப் பெயர் போடும் உரிமை இல்லை. மெர்சோ குடும்பங்களின் பூர்கோஞ் வெள்ளை அங்கிருந்துதான் வருகிறது. அதே கைகள் கவாத்து செய்கின்றன, அதே அழுத்தும் எந்திரத்தில் சாறு இறங்குகிறது. ஊர்த் தர ஒயினுக்கு இரண்டு மூன்று வருடம் உழைத்த பீப்பாய்களே அடுத்து இதற்குப் போகின்றன. மண் கனமானது, நீர் தேங்கும், ஆகவே ஒயினின் நீளம் குறைவு. விழுங்கிய பிறகு சுவை பத்து விநாடி நிற்கும் இடத்தில் நான்கைந்து விநாடிதான் நிற்கும். அதைத் தவிர, குடும்பத்தின் கைமணம் முழுதாக இருக்கும். வியாபாரி ஒருவர் எங்கெங்கோ வாங்கிக் கலந்து அடைத்த மெர்சோவுக்கும், கவனமான குடும்பத்தின் பூர்கோஞ்சுக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், நாங்கள் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்போம்.

ஒரு எச்சரிக்கை. வெறும் பூர்கோஞ் என்ற பெயரில் வடக்கே ஷாப்லி பக்கம் முதல் தெற்கே மாக்கோன் வரை எங்கு விளைந்ததும் வரலாம். 2017 விளைச்சல் முதல் ‘பூர்கோஞ் கோத் தோர்’ என்ற தனிப் பெயர் வந்திருக்கிறது. அது டிஜோனிலிருந்து போன் நகரத்தைத் தாண்டித் தெற்கே நீளும் அந்தக் குறுகிய சரிவின் திராட்சைக்கு மட்டும். அந்த மூன்று சொல் இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. மீதிப் பாதிக்கு விவசாயியிடமே கேட்கலாம்: “இது எந்தெந்த நிலம், கொடிக்கு என்ன வயது?” நிலத்தின் பெயரைச் சொல்லி, சமவெளியில் எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டுகிறவரிடம் தாராளமாக ஆறு பாட்டில் வாங்கலாம்.

சேன்-ஓபான்

மெர்சோவிலிருந்து தெற்கே புலின்யியைத் தாண்டினால் மேற்கே ஒரு பள்ளத்தாக்கு பிரியும். அதற்குள் இருக்கும் ஊர் இது. ஆன் ரமியி என்ற நிலம், உலகிலேயே விலை உயர்ந்த வெள்ளை ஒயின்களில் ஒன்றான ஷெவாலியே-மோன்ராஷேவின் பக்கத்திலேயே, குன்று வளையும் இடத்தில் இருக்கிறது. அடுத்தது, கற்குவியல்களால் பெயர் பெற்ற முர்ழே தே தான் த ஷியேன். முப்பது வருடத்துக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கை யாரும் மதிக்கவில்லை, அதற்குக் காரணமும் இருந்தது: உயரம் அதிகம், காற்று குளிர், திராட்சை பழுக்கவே திணறும். இப்போது வெயில் ஏறிவிட்டது. 2018, 2019, 2020, 2022 போன்ற சூடான வருடங்களில் மெர்சோவின் அடிச்சரிவு தடித்துப்போகும்போது இங்கே புளிப்பு குறையாமல் பழுக்கிறது. பழைய பலவீனமே இன்று பலம்.

சிக்கலும் உண்டு. இந்த ஊரில் பாதிக்கு மேல் நிலம் ப்ரெமியே க்ரூதான். எனவே அந்தச் சொல்லை மட்டும் நம்பி வாங்கினால், வடக்கு பார்த்த குளிர்ந்த மூலையின் ஒயினும் கைக்கு வரலாம். எலுமிச்சைத் தோல் கடித்த மாதிரி இருக்கும், நடுவில் சதை இருக்காது. மேலே சொன்ன இரண்டு பெயர் இருந்தால் கவலையில்லை. இங்கே உபேர் லாமி குடும்பம் ஹெக்டேருக்குச் சுமார் 30,000 கொடி என்று நெருக்கி நட்டுப் பார்த்திருக்கிறது. வழக்கமான அடர்த்தி 10,000. கொடிக்கு மூன்று நான்கு சிறு குலைகள்தான், உழவு முழுக்கக் கையால். அந்தப் பாட்டில்கள் இன்று அபூர்வப் பொருளாகிவிட்டன, ஆனால் ஊரின் மற்றக் குடும்பங்கள் தங்கள் நிலத்தை மதிக்கத் தொடங்கியதற்கு இப்படிப்பட்ட பிடிவாதமும் ஒரு காரணம்.

நல்ல சேன்-ஓபான் ப்ரெமியே க்ரூ நான்கு முதல் எட்டு வருடத்தில் உச்சத்தில் இருக்கும். வாங்கிய வருடமே திறந்தால் “இதற்கா இவ்வளவு காசு” என்று தோன்றும்.

தெற்கும் வடக்கும்

பூயி-ஃபூய்சே நான்கு ஊர்களின் ஒயின்: ஃபூய்சே, சொலுத்ரே-பூயி, வெர்ஜிசோன், ஷான்த்ரே. வெர்ஜிசோன் மேடு, குளிர், அறுவடை பிந்தும். ஷான்த்ரே தாழ்வு, சூடு, பழம் முந்தும். விறைப்பு பிடிக்கும் என்றால் முதலாவது, மலர்ந்த பழச்சுவை பிடிக்கும் என்றால் இரண்டாவது. 2020இல் 22 நிலங்களுக்கு ப்ரெமியே க்ரூ தகுதி கிடைத்தது. மாக்கோன் பகுதிக்கே இதுதான் முதல் முறை. விலையும் உடனே ஏறத் தொடங்கியது. ஊர்த் தரம் இன்னும் நியாயமாக இருக்கிறது. அதைவிடக் காசை மிச்சப்படுத்த அதே மாக்கோன் பகுதியின் வீரே-கிளெசே, சேன்-வெரான் இரண்டும் உண்டு. 20 யூரோவைச் சுற்றியே கிடைக்கும், முதல் மூன்று வருடம் குடிக்க இவற்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை. வீரே-கிளெசேயில் சில வீடுகள் திராட்சையைக் கொடியிலேயே நன்றாகப் பழுக்கவிடும். தொமேன் த லா போங்ரானின் ஒயினில் லேசான இனிப்பு மிஞ்சும் வருடங்களும் உண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஷாப்லி இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வடமேற்கே, ஷாம்பேனின் எல்லைக்கு அருகில் இருக்கிறது. மண்ணில் பொடிச் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கும் கிம்மெரிஜியன் சுண்ணாம்புக் களி. பெரும்பாலான ஒயின் எஃகுத் தொட்டியில்தான் வளர்கிறது. ராவெனோ, தோவிஸா போன்ற குடும்பங்கள் பழைய பீப்பாயை விடவில்லை. மர வாசனை வராது, ஆனால் காற்று மெல்லப் புகுந்து ஒயினை வட்டமாக்கும். ஷாப்லியில் எந்திர அறுவடை சாதாரணம். குடும்பத் தோட்டம் என்று தேடும்போது “கையால் பறிக்கிறீர்களா?” என்று கேட்பது மற்ற ஊர்களைவிட இங்கேதான் முக்கியம். மோந்தே த தோனேர் என்ற ப்ரெமியே க்ரூ நிலத்தின் ஒயின் இருந்தால் எடுங்கள். வெண்ணெயும் வறுத்த கொட்டை வாசனையும்தான் வெள்ளை பர்கண்டி என்று நினைப்பவருக்கு ஷாப்லி ஏமாற்றம் தரும். சிப்பி மீனோடு குடிப்பவருக்கு மற்ற நான்கும் ஏமாற்றம் தரும்.

பூஸரோனையும் சொல்லாமல் விட மனமில்லை. இதன் திராட்சை ஷார்டனே அல்ல, அலிகோத்தே. 1998 முதல் தனி ஊர்ப் பெயர். விலை குறைவு, புளிப்பு கூர்மை, உப்புக் கடலை கொறிக்கும் மாலைக்கு இது போதும்.

எங்கே கெடுகிறது

வெள்ளை பர்கண்டியின் பெரிய நோய் அகால ஆக்சிஜனேற்றம். 1990களின் நடுவில் விளைந்த ஒயின்கள் பத்து வயதுக்கு முன்பே பழுப்பேறிக் கிடந்ததைப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரே பெட்டியில் இரண்டு பாட்டில் பச்சைச் சாயலோடு துள்ளும், மூன்றாவது செத்துக் கிடக்கும். ஒற்றைக் காரணம் கிடையாது. சாற்றை மிக மென்மையாக அழுத்தும் புதிய எந்திரங்கள், பீப்பாயின் அடியில் படிந்த ஈஸ்ட் கசடைக் கோலால் அடிக்கடி கிளறியது, கந்தகத்தைக் குறைத்தது, தரம் தாழ்ந்த கார்க் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. அடையாளம் எளிது: நிறம் பழைய தங்கமாக இருக்கும், வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாசனை வரும், தேன் வாசனை வரும் ஆனால் பழம் இருக்காது. மருந்து இல்லை. சமையலில் ஊற்றலாம்.

குடும்பங்கள் இதிலிருந்து பாடம் கற்றிருக்கின்றன. கிளறுவது குறைந்தது, பலர் நிறுத்தியேவிட்டார்கள். முதல் பத்துப் பன்னிரண்டு மாதம் பீப்பாயில், அடுத்த குளிர்காலம் முழுக்க எஃகுத் தொட்டியில் மெல்லிய கசடோடு, பிறகு பாட்டில் என்ற முறை பரவியிருக்கிறது. தொட்டியில் கழியும் அந்த ஆறு மாதம் ஒயினை இறுக்கும். இங்கேதான் சிறு குடும்பத்தின் பலவீனம் தெரியும்: இடம் இல்லாதவர் அடுத்த அறுவடைக்குப் பீப்பாயைக் காலி செய்தாக வேண்டும், எனவே பதினோரு மாதத்திலேயே அடைத்துவிடுவார். பூர்கோஞ்சுக்கு அது சரி. 65 யூரோ மெர்சோவுக்குச் சரியில்லை. “எந்த மாதம் அடைத்தீர்கள்?” என்பது கூச்சமின்றிக் கேட்க வேண்டிய கேள்வி. புதுப் பீப்பாய் எத்தனை சதவீதம் என்றும் கேளுங்கள்; ஊர்த் தரத்துக்கு 15 முதல் 25 என்றால் நிம்மதி, 50 என்றால் நாம் வாங்குவது மரத்தை.

கார்க்கையும் பாருங்கள். டியாம் என்ற அச்சு இருந்தால், பொடித்த கார்க்கைக் கரியமில வாயுவால் கழுவித் திரும்ப அழுத்தியது. கெட்ட கார்க்கால் வரும் ஈர அட்டை நாற்றம் ஏறக்குறைய வராது, பாட்டிலுக்குப் பாட்டில் வித்தியாசமும் குறைவு. அதன் மேலிருக்கும் 5, 10, 30 என்ற எண், எத்தனை வருடத் தாங்குதிறனுக்கு உறுதி என்பதைச் சொல்லும். ஐந்து வருடம் வைக்க நினைப்பவர் 10 அல்லது 30 பார்த்து வாங்கலாம். அழகான நீளக் கார்க் மேல் எங்களுக்கு இருந்த பக்தி போய்ப் பல காலம் ஆகிறது.

கெட்டது என்று தவறாக நினைக்கும் இரண்டு விஷயங்கள். திறந்ததும் தீக்குச்சி கிழித்த வாசனை வந்தால் அது பழுதல்ல, காற்றுப் படாமல் வளர்த்ததன் அடையாளம். அகன்ற ஜாடியில் ஊற்றி அரை மணி, ஒரு மணி நேரம் விட்டால் அடங்கும். பாட்டில் அடியில் கண்ணாடித் தூள் போல் மின்னுவது திராட்சையின் உப்பு. குளிரூட்டி வடிக்காத சிறு தோட்டங்களில் சகஜம்.

வருடம், பெட்டி, பயணம்

2017, 2020, 2022 வருடங்களில் நல்ல குடும்பத்திடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 2021 பனியில் போனது போக மிஞ்சியது கொஞ்சம். ஒல்லி, புளிப்பு தூக்கல், பழைய பாணி பிடித்தவருக்குப் பிடிக்கும். 2023இல் விளைச்சல் கொட்டியது, ஆகவே குலைகளைக் குறைத்தவரா என்பதே கேள்வி. 2018 மென்மை, இனிமேல் வைக்காமல் குடித்துவிடுங்கள்.

எங்கள் பெட்டி இப்படி இருக்கும்: ஆன் ரமியியிலிருந்து சேன்-ஓபான் இரண்டு, மெர்சோ குடும்பம் ஒன்றின் பூர்கோஞ் கோத் தோர் இரண்டு, வீரே-கிளெசே இரண்டு. மொத்தம் 220ஐ ஒட்டி நிற்கும். வீரே-கிளெசே இந்த வருடம், பூர்கோஞ் அடுத்த இரண்டு வருடத்தில், சேன்-ஓபான் கடைசியில். வைக்க 12 முதல் 14 டிகிரி இடம் இல்லாதவர் சேன்-ஓபானை விட்டுவிட்டு பூர்கோஞ்சைக் கூட்டிக்கொள்ளலாம். சமையலறை அலமாரியில் ஒரு கோடை கழிந்தால் எந்த ப்ரெமியே க்ரூவும் தாங்காது. குடிக்கும்போது 11 முதல் 13 டிகிரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது முப்பது நிமிடம் வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் மெர்சோவும் மாக்கோனும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நேரில் போகிறவர் பாரிஸிலிருந்து டிஜோன் வரை அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி, அங்கிருந்து போன் நகரத்துக்கு உள்ளூர் ரயிலில் அரை மணிக்கும் குறைவு. முன்கூட்டியே எழுதிக் கேட்காமல் வாசலில் நிற்கக் கூடாது. கொட்டகையில் இருப்பதே கணவன் மனைவி இரண்டு பேர்தான். ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் முழுக்க அறுவடை, யாரையும் பார்க்க மாட்டார்கள். சுவைத்துவிட்டுப் பெட்டியில் பாதியாவது வாங்குவது மரியாதை. மெர்சோ தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பெரும்பாலும் உண்மை. அப்போது பூர்கோஞ் கேளுங்கள், அதைக் கேட்டு வருபவரை அடுத்த வருடம் நினைவில் வைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறவர் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை அனுப்பவே வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். வெயிலில் நின்ற வண்டிக்குள் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும். பெட்டி வந்ததும் ஒவ்வொரு பாட்டிலின் மூடித் தகட்டையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு சுழலாமல் இருந்தாலோ கார்க் தலை தூக்கியிருந்தாலோ கசிந்திருக்க வாய்ப்பு உண்டு. உடனே படம் எடுத்து அனுப்பிவிட்டு, அந்தப் பாட்டிலை முதலில் திறந்துவிடுங்கள்.